காகம், மரநாய், கபரகொய்யா: கொழும்பில் வனஜீவிகளின் எண்ணிக்கையைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

தெஹிவளையில் நாங்கள் இருக்கும் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடும் ஒரு தொடர்மாடியும் இருக்கின்றன. பின்னால் கால்வாய். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு சீலிங்கில் மரநாய் ஏறி இரவிரவாக ஓடியது. நலன்புரிச் சங்கத்தில் கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, கூடு வைத்துப் பிடிக்கும் ஒருவரைக் கூப்பிட்டோம். வாழைப்பழம் வைத்த இரண்டாம் இரவே மரநாய் அகப்பட்டது. அவர் அதை எங்கோ கொண்டுபோய் விட்டார். நாலாம் நாள் சீலிங்குக்குள் இருந்து நாற்றம். நாங்கள் பிடித்தது தாயை. குட்டிகள் மூன்று உள்ளேயே கிடந்து செத்திருந்தன. மூன்று கிழமைக்குள் வேறொரு மரநாய் அதே ஓட்டையால் உள்ளே வந்தது. காசும் போய், பாவமும் சேர்ந்து, அனுமதியில்லாமல் விலங்கைப் பிடித்த குற்றமும் செய்து, தொடங்கிய இடத்திலேயே நின்றோம்.

அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும், ஒழுங்கையில் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பவை. தொடர்மாடிக் குழுச் செயலாளர், கோயில் சபைக்காரர், பாடசாலைச் சூழல் கழகம் நடத்தும் ஆசிரியர் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வனஜீவிகளின் தொகையைக் கையாளுவது, அதாவது குடித்தொகை முகாமைத்துவம் என்றால் யாலக் காடும் யானையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 2018 ஒக்ரோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் (ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையின் மாநாடு) ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு, கொலன்னாவைச் சதுப்பு என்று ஊருக்குள்ளேயே காடு மாதிரி நீர்நிலை இருக்கும்போது விலங்கு வீட்டுக்கு வருவது அதிசயமில்லை.

படி 1: விலங்கை எழுதாதீர்கள், பாதிப்பை எழுதுங்கள்

கூட்டத்தில் யாராவது "மரநாய்த் தொல்லை" என்றோ "காகம் கூடிப்போச்சு" என்றோ சொன்னால் அப்படியே குறிப்பேட்டில் எழுதவேண்டாம். என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று கேளுங்கள். "மேல்மாடி அறையில் இரவு 11 மணிக்குப் பிறகு தூங்க முடியவில்லை, சீலிங்கில் மூத்திரக் கறை" என்பது கையாளக்கூடிய விஷயம். "குப்பை எடுக்கும் நாட்களில் பை கிழிந்து வாசலில் சிதறுகிறது" என்பதும் அப்படித்தான்.

ஏன் இந்தக் கறார்? விலங்கின் எண்ணிக்கையும் அது செய்யும் பாதிப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல. பத்து மரநாயில் ஒன்பதை அகற்றினாலும் மிஞ்சிய ஒன்று உங்கள் சீலிங்கில் இருந்தால் தூக்கம் வராது. மறுபக்கம், பத்தும் இருந்தபடியே ஓட்டையை அடைத்தால் பாதிப்பு பூச்சியமாகும். நம் சங்கங்களில் பெரும்பாலான வாக்குவாதம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவது.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். ஒரு கிழமை முழுக்க மீம்ஸ். ஆனால் ஒரு குரங்கு கை வைத்தால் ஒரு தீவே இருண்டுபோகும் மின்கட்டமைப்பில் திருத்தவேண்டியது குரங்கின் தொகையையா?

பாதிப்பை எழுதியபின் இலக்கையும் எழுதுங்கள். அளக்கக்கூடியதாக, நாள் குறித்து: "மூன்று மாதத்துக்குள் சீலிங் சத்தம் மாதம் ஓர் இரவுக்குமேல் வராதிருத்தல்." "மரநாயை ஒழித்தல்" இலக்கு அல்ல, கோபம்.

படி 2: எந்த விலங்கு, எந்தச் சட்டம்

நம் ஆட்கள் எல்லாவற்றையும் குரங்கு என்றுதான் சொல்வார்கள். செம்பழுப்பு நிறம், தலையில் தொப்பி போட்டமாதிரி மயிர் இருப்பது ரிலவா. கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள மந்தி, அதாவது சிங்களத்தில் வந்துரா, வேறு இனம். ரிலவாவும் கொழும்புப் பக்கத்து மந்தியும் இலங்கைக்கு மட்டும் உரியவை. கொழும்பைச் சுற்றிய மரத்தோட்டங்களில் இருக்கும் மேற்குக்கரை மந்தி உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. ஒன்றுக்கான கோபத்தை மற்றதில் காட்டினால் திருத்த முடியாத பிழையாகிவிடும்.

அதேபோல கால்வாயோரம் நீந்தும் பெரிய கபரகொய்யா (நீர் உடும்பு) வேறு, தரையில் திரியும் தலகொய்யா (உடும்பு) வேறு. அத்திடியவிலோ பத்தரமுல்லையிலோ "புலிக்குட்டி" என்று யாராவது படம் அனுப்பினால் பெரும்பாலும் அது மீன்பிடிப் பூனை: குட்டையான வால், சாம்பல் உடலில் வரிசையான புள்ளி. இதுவும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். படம் எடுங்கள், கிட்டப் போகவேண்டாம்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் சொல்வதைச் சுருக்கமாக இப்படி நினைவில் வைக்கலாம்: பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாம் பாதுகாக்கப்பட்டவை; அட்டவணையில் விலக்கிப் பெயர் குறிப்பிட்டவை மட்டும் விலக்கு. விலக்கு இருந்தாலும் வதைக்க உரிமை கிடையாது, 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் அதற்கும் மேலால் நிற்கிறது. ஆகவே கூடு, வலை, கண்ணி எதையும் தொடுவதற்கு முன் பத்தரமுல்லையில் உள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள். துரித அழைப்பு இலக்கம் 1992. பாம்போ முதலையோ என்றால் கூட்டம் கூடுவதற்கு முன்னமே அழையுங்கள்.

படி 3: எண்ணுங்கள், ஆனால் எதற்காக என்று தெரிந்து எண்ணுங்கள்

2025 மார்ச் 15 சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று குரங்கு, மந்தி, மயில், மர அணில் எண்ணினார்கள். விவசாய அமைச்சின் ஏற்பாடு. நானும் மொட்டைமாடியில் நின்றேன்; எனக்குக் கிடைத்தது ஒரு பூனை. கேலியை விடுவோம். எல்லோரும் ஒரே ஐந்து நிமிடத்தில் எண்ணினால் ஒரு கூட்டம் இரண்டு ஊரில் எண்ணப்படாது என்பது சரியான யோசனை. ஆனால் அடுத்தடுத்த மூன்று வீட்டார் ஒரே கூட்டத்தை ஆளுக்கொரு தரம் எழுதினால் அந்த யோசனை கெட்டுப்போகும். எண்ணியவருக்குப் பயிற்சி உண்டா, காணாமல் போனவை எத்தனை என்பதற்குத் திருத்தம் உண்டா என்பதெல்லாம் தொகையைவிட முக்கியம்.

ஒழுங்கை அளவில் உங்களுக்கு மொத்தத் தொகை அநேகமாகத் தேவைப்படாது. கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கே போதும். காகத்துக்கு: கிழமையில் ஒருநாள், பொழுதுபடும் நேரம், ஒரே மொட்டைமாடியில் நின்று, அடையும் மரத்தை நோக்கிப் பறப்பவற்றைப் பத்து நிமிடம் எண்ணுங்கள். அதே ஆள், அதே இடம், அதே நேரம். மழை பெய்தால் அன்றைய கணக்கை விட்டுவிடுங்கள்.

மொத்தம் வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. தெருநாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட எத்தனை மருந்து வேண்டும் என்று தெரியவேண்டும். நாய் வனஜீவி இல்லை, சரி. ஆனால் இந்தக் கணக்கைப் பழக அதைவிட நல்ல பிராணி இல்லை. முதல்நாள் காலை ஒழுங்கைகளைச் சுற்றி 30 நாயைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் அதே சுற்றில் 24 நாய் கண்ணில் படுகிறது, அதில் 18 நேற்றைய படத்தில் உள்ளவை. 24இல் 18 என்றால் நாலில் மூன்று பங்கு. அப்படியானால் நேற்று எடுத்த 30உம் மொத்தத்தின் நாலில் மூன்று பங்காக இருக்கவேண்டும். மொத்தம் 40. இரண்டு நாளுக்கிடையில் புதிதாக ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை, எல்லா நாய்க்கும் கண்ணில் படும் வாய்ப்பு ஒன்றே என்ற எடுகோளில்தான் இது நிற்கிறது. வெட்கப்படும் நாய்கள் இருந்தால் உண்மைத் தொகை இன்னும் கூட.

படி 4: இந்தத் தொகையைச் சாப்பாடு போட்டுத் தாங்குவது யார்

இதுதான் நடு முதுகெலும்பு, மெல்லப் படியுங்கள்.

ஒரு குடித்தொகையை நாலே விஷயங்கள் நிர்ணயிக்கின்றன: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. இந்த நாலுக்கும் பின்னால் நிற்பவை உணவு, தண்ணீர், ஒதுங்கும் இடம். ஓரிடம் எத்தனை உயிரைத் தாங்குமோ அதைத் தாங்கும் கொள்ளளவு என்பார்கள். ஓர் ஒழுங்கையில் விழும் எச்சில் 40 காகத்துக்குப் போதும் என்றால் காகம் 40க்கு அண்மையில் நிற்கும். நீங்கள் 20ஐக் கொன்றால் மிஞ்சிய 20க்கு இரட்டைச் சாப்பாடு. குஞ்சுகள் கூடத் தப்பும், பக்கத்து ஒழுங்கைக் காகங்களும் வந்து சேரும். பாதியாகக் குறைந்த குடித்தொகைதான் பொதுவாக வேகமாக வளரும். இதைக் காட்டும் வளைகோட்டை உயிரியல் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்திருப்பார். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம்.

ஆகவே ஒரு கிழமை சாப்பாட்டைத் தேடி ஒழுங்கையைச் சுற்றுங்கள். இரவே வாசலில் வைக்கும் சொப்பிங் பை. மீன் வெட்டுகிறவர் கால்வாயில் கொட்டும் செதிலும் குடலும். கபரகொய்யா கூடி நிற்பது அதனால்தான். மூடியில்லாத கோயில் அன்னதானத் தொட்டி. இரவு முழுக்க வாசலில் கிடக்கும் நாய்த்தட்டு. விழுந்து அழுகும் மாம்பழம், பப்பாசி.

எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா எழும்பிவிட்டார். "தம்பி, புரட்டாதிச் சனியிலை காகத்துக்குச் சோறு வைக்காமல் நான் எப்பிடி வாயிலை வைக்கிறது?" நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில்: வையுங்கோ அம்மா, ஒரு கைப்பிடி, மத்தியானம், உங்கட கண்ணுக்கு முன்னால சாப்பிட்டு முடிக்கிற அளவு. கொழும்புக் காகத்தை வளர்ப்பது அந்தக் கைப்பிடி அல்ல. மரக்கறிச் சந்தைக்கும் மீன் கடைக்கும் உணவகங்களுக்கும் பின்னால் குவியும் கழிவு. நம்பிக்கையில் கை வைத்தால் ஒரு குழு இரண்டாகும், காகம் ஒன்றும் குறையாது.

படி 5: முதலில் மனிதர் மாறுவது

2015இல் கனடாவின் வன்கூவர் நகரில் கூடிய வல்லுநர்கள் வனஜீவிக் கட்டுப்பாட்டுக்கு ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள், 2017இல் அவை ஆய்விதழில் வெளிவந்தன. முதலாவது, முடியுமான இடத்தில் மனிதரின் பழக்கத்தை மாற்று என்பது. கட்டுப்பாட்டுக்கு நியாயம், அளக்கத்தக்க இலக்கு, விலங்கின் நலன், ஊராரின் ஏற்பு, முறையான திட்டம், "தொல்லைப் பிராணி" என்ற முத்திரையைப் பார்க்காமல் நிலைமையைப் பார்த்து முடிவெடுத்தல் என்று மற்றவை போகும். நாங்கள் மரநாயில் செய்ததை இந்த ஏழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏழிலும் தோல்வி.

குப்பை: உக்குவதையும் உக்காததையும் பிரித்து, உக்குவதை மூடியுள்ள வாளியில் போட்டு, லொறி வரும் காலையில் மட்டும் வெளியே வையுங்கள். மீன் கழிவைக் கடதாசியில் சுற்றி, லொறி வரும்வரை பிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கலாம். முகம் சுளிப்பீர்கள், பழகிவிடும்.

சீலிங்: ஒழுங்கு தவறாமல் செய்யவேண்டிய வேலை இது. பகலில் வீட்டைச் சுற்றிப் பார்த்து எல்லா இடைவெளியையும் குறியுங்கள். பீலிப் பலகைக்கும் கூரைத் தகட்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கும். சிறிய ஓட்டைகளை முதலில் அடைத்து, பெரியது ஒன்றை மட்டும் விடுங்கள். அதன் வாயில் கோதுமை மா தூவுங்கள். காலையில் தடம் உள்ளிருந்து வெளியே போகிறதா, திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். பகலில் மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டால் குட்டி உண்டு. அப்படியானால் வேலையை நிறுத்துங்கள். குட்டிகள் தாயோடு வெளியே திரியும்வரை சில மாதம் பொறுக்கவேண்டும். வேறு வழியில்லை, நாங்கள் பொறுக்காததன் விலையை மேலே சொன்னேன். குட்டி இல்லை என்று உறுதியானால், இருட்டி மரநாய் வெளியே போனபின் அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையால் அடைத்து, அடுத்த இரண்டு இரவு காது கொடுங்கள். கூரையைத் தொடும் மாங்கொப்பை வெட்டிவிடுங்கள். மரத்தை அல்ல.

மரநாய் எலியையும் தின்னும், பழ விதையையும் பரப்பும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். எலிப் பாஷாணம் வைத்தால் விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் மரநாயும் பூனையும் சாகலாம். எலியைப் பிடிக்கும் வேலையை இனாமாகச் செய்பவற்றைக் கொன்றுவிட்டு எலி கூடிவிட்டது என்று அழுவது நம் ஊர் வழக்கம்.

படி 6: இதற்குப் பிறகும் குறைத்தே ஆகவேண்டுமானால்

மூன்று வழிதான் பேச்சில் வரும்.

பிடித்து வேறிடத்தில் விடுவது எல்லோருக்கும் பிடித்த யோசனை, ஏனென்றால் கண்ணில் படாது. யானையில் என்ன ஆனது என்று பாருங்கள். யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் சகாக்களும் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து 2012இல் எழுதினார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின, சில அலைந்து திரிந்தன, சில விட்ட இடத்துக்கு அருகில் தங்கின. பிரச்சினை ஓயவில்லை, புதிய இடங்களுக்கும் பரவியது. மரநாய்க்கும் குரங்குக்கும் இதே தர்க்கம்தான்: விடும் இடத்தில் ஏற்கெனவே ஆள் உண்டு, பிடித்த இடத்தில் வெற்றிடம் உண்டு.

கொல்வது: படி 4இன் கணக்கு இங்கே குறுக்கே நிற்கும். சாப்பாடு குறையாமல் கொல்வது தோட்டக்காரன் புல்லை நுனியில் வெட்டுவதுபோல. 2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு வந்து, நீதிமன்றம்வரை போய், கைவிடப்பட்டது. ஊராரின் ஏற்பு இல்லாத திட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது போதும்.

கருத்தடை மெதுவானது, ஆனால் நிலைக்கும். கொழும்பு நாய்களில் இதைக் கண்டிருக்கிறோம். 1893ஆம் ஆண்டு விசர்நாய்க் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்துக் கொல்வதுதான் பழைய முறை. 2006இல் கொல்லாமைக் கொள்கை வந்தது. 2007இலிருந்து புளூ போ என்ற விலங்கு நல அறக்கட்டளை நகரத்துக்குள் தடுப்பூசியும் கருத்தடையும் சேர்த்துச் செய்தது, நாய்களில் விசர்நோய் வெகுவாகக் குறைந்தது. விசர்நோய்ச் சங்கிலி அறுக்க 70 வீதமான நாய்க்குத் தடுப்பூசி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். மேலே நாம் கண்ட 40இல் அது 28. கருத்தடையில் பெட்டைகளைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். ஐந்து கடுவனில் நாலுக்குச் செய்தாலும் மிஞ்சிய ஒன்று போதும், குட்டி குறையாது. குரங்குக்குச் செய்வது திணைக்கள மிருக வைத்தியரின் வேலை. ஒழுங்கைச் சங்கம் அதில் இறங்கவேண்டாம்.

பிடிக்கும்போது மரநாயோ நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

படி 7: பெருக்கவேண்டியவற்றை மறக்கவேண்டாம்

முகாமைத்துவம் என்றால் குறைப்பது என்று மட்டும் நினைக்கிறோம். கொழும்பில் கூடவேண்டியவையும் இருக்கின்றன. மந்திக்கு மரத்துக்கு மரம் கொப்புத் தொடர்ச்சி வேண்டும். அறுந்தால் மின்கம்பியில் நடந்து செத்துப்போகும். பலாமரத்தைத் தறிக்குமுன் அது யாருடைய பாதை என்று பாருங்கள், இடைவெளி இருந்தால் தடித்த கயிற்றுப் பாலம் கட்டலாம். மீன்பிடிப் பூனைக்கு எதிரி இரவு வாகனமும் நிரப்பப்படும் சதுப்பும். பெல்லன்வில அத்திடிய 372 ஹெக்டேயரும் 1990இல் சரணாலயம் ஆனது, ஆனாலும் அதன் ஓரத்தில் மண் கொட்டும் லொறி இன்றும் அரிதான காட்சி இல்லை. லொறி இலக்கத்தைக் குறித்து முறைப்பாடு செய்வதும் குடித்தொகை முகாமைத்துவம்தான். பத்துக் கூடு வைப்பதைவிடப் பெரிய வேலை.

படி 8: குறிப்பேடும் மறுபார்வையும்

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். தேதி, பாதிப்பு, செய்தது, செலவு, மாலைக் காகக் கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வாளியும் வலையும் கொப்பு வெட்டும் ஒரே கிழமையில் நடந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. மூன்று மாதத்தில் இலக்கு கிட்டவில்லை என்றால் படி 4க்குத் திரும்புங்கள். எங்கோ ஒரு சாப்பாட்டு மூலத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். எங்கள் விஷயத்தில் அது தொடர்மாடியின் பின்வாசலில் காவலாளி பூனைகளுக்கு வைத்த மீன்சோறு. இலக்கு கிட்டினால் நிறுத்துங்கள், இன்னும் குறைப்போமே என்ற ஆசை வேண்டாம்.

எங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருப்பது: சீலிங் சத்தம் மூன்று மாதமாக இல்லை. கிழிந்த பை, மாதம் இரண்டு. மரநாய் இப்போதும் ஏழேகாலுக்கு மதிலால் நடந்து மாமரத்துக்குப் போகிறது. ஏழாம் இலக்க வீட்டுக்காரர் மட்டும் அதைப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார். "பாதிப்பு என்ன?" என்ற கட்டத்தை நிரப்பித் தரச்சொன்னோம். இன்னும் தரவில்லை.